விலாசம் புரியாவிட்டால் பெரியம்மா கடை

இந்தக் கதையை ஒரு பழுப்புப் பேன்ட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கனமான குரல் உள்ள ஒருவர் அதைக் கொண்டுவந்து, "இடுப்புல ரெண்டு விரல் விட்டுக் கொடுங்க, உட்கார்ந்தா தையல் விடுது" என்று சொல்லி, ஒரு துண்டுத்தாளில் பேரும் விலாசமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். பேன்ட் தயாராகி, இஸ்திரியாகி, கொக்கியில் தொங்கி, தூசி படிந்து, மறுபடியும் இஸ்திரியாகித் தொங்கியது. துண்டுத்தாளைப் பெரியம்மாவால் படிக்க முடியவில்லை. எழுதியவர் மேல் பழி போட்டுவிடாதீர்கள், கண்ணுங்களா. பெரியம்மாவுக்குக் கண்ணில் புரை. இரண்டிலும்.

அவள் பெரியம்மா ஆனது தங்கை மகன் ஒருவனுக்கு மட்டும்தான். தெருவுக்கு அவள் ஆல்டரேஷன் அக்கா. பேக்கரிக்கும் சாவிக்கடைக்கும் நடுவில் ஒரு மெஷினும் ஒரு இஸ்திரிப்பெட்டியும் ஒரு ஆளும் நிற்கிற அளவுக்குக் கடை; கடைக்குப் பின்னால் திரை; திரைக்குப் பின்னால் வீடு. நீளப் பேன்ட்டைக் குட்டையாக்குவாள். குட்டைப் பேன்ட்டை நீளமாக்க முடியாது என்பதை மனம் நோகாமல் எடுத்துச் சொல்வாள். ஜிப் மாற்றுவாள். புதுத் துணி மட்டும் தைக்கவே மாட்டாள். "புதுசு தைக்க ஊர்ல ஆளா இல்ல? அவங்க தைச்சதைச் சரி பண்ணத்தான் ஆள் வேணும்" என்பாள்.

அப்படிப்பட்டவள் இப்போது ஊசியில் நூல் கோர்க்க பேக்கரிக்காரியைக் கூப்பிட வேண்டியிருந்தது. போன மாதம் ஒரு கல்லூரிப் பேராசிரியரின் கறுப்புக் கோட்டைச் சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்துவிட்டாள். அவர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் போனதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. பொது மருத்துவமனை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணினா ஊசிக் காது தெரியும். தள்ளிப்போட்டா கதவு எது சுவர் எதுன்னுதான் தெரியும். தேதி விலாசத்துக்குக் கடிதமா வரும்" என்றார். அந்தக் கடிதத்துக்குத்தான் பெரியம்மா காத்திருந்தாள். அது வந்தால் கடை உண்டு. வராவிட்டால் கடை இல்லை. கதையில் அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் மற்றவர்களுக்கு வேண்டியது.

தங்கை மகனுக்கு முகத்தில் பாதிக்கு மேல் தாடி. அதனால் பெரியம்மா அவனைத் தாடி என்றே கூப்பிடுவாள். கணினிக் கம்பெனியில் வேலை. பெரியம்மாவின் கண் படுகிற பாட்டைப் பார்த்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷின் மேலேயே லேப்டாப்பை வைத்து ஒரு புரோகிராம் எழுதினான். சின்னதுதான். வாடிக்கையாளர்கள் போனில் அனுப்புகிற செய்தியையோ எழுதிக் கொடுத்த சீட்டின் படத்தையோ அதனிடம் கொடுத்தால், எது பேர், எது போன் நம்பர், எது விலாசம் என்று பிரித்து, கொட்டை எழுத்தில் காட்டும். 'அக்கா கோட்டு பட்டன் ரெண்டு விழுந்துடுச்சு நாளைக்கே வேணும் பாலத்துக்குக் கீழ மூணாவது வீடு மாடி நாய் கடிக்காது' என்று வந்தால், பாலத்துக்குக் கீழே மூன்றாவது வீடு, மாடி என்பதை அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கி எடுத்துக் கொடுத்துவிடும்.

"நாயை ஏன்டா விட்டுடுச்சு?"

"நாய் விலாசம் இல்லையே பெரியம்மா."

"துணி கொண்டு போறவனுக்கு அதுதான்டா முக்கியம். சேர்த்துக்க."

சேர்த்தான்.

"சரி, ஒண்ணுமே புரியலன்னா என்ன பண்ணும் இது?"

தாடி தாடியைச் சொறிந்தான். "இப்ப நீ என்ன பண்ற?"

"நான் என்ன பண்ணுவேன்? விலாசம் தெரியாத துணி எங்க போகும், இங்கதான் கிடக்கும்." கொக்கியில் பழுப்புப் பேன்ட் காற்றில் லேசாக ஆடியது.

"அப்ப இதுவும் அப்படியே பண்ணட்டும்" என்று தாடி கடைசி வரியை எழுதினான். பேர் புரியவில்லையா, பேர்: பெரியம்மா. போன் நம்பர் புரியவில்லையா, பெரியம்மா நம்பர். விலாசம் புரியவில்லையா, பெரியம்மா கடை விலாசம். தையல் கடைக்கு அதைவிடச் சரியான வரி எழுத யாராலும் முடியாது.

நல்ல காரியத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கக் கூடாது என்று தாடி அந்தப் புரோகிராமை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டான். கூடவே ஒரு குறிப்பு: 'கடைசி வரியில் உதாரணத்துக்கு எங்கள் பெரியம்மா விலாசம் இருக்கிறது, எடுத்துக்கொள்பவர்கள் தங்கள் விலாசத்துக்கு மாற்றிக்கொள்ளவும். சந்தேகம் இருந்தால் பெரியம்மா கடையில் சொல்லிவிட்டுப் போகவும்.'

எடுத்துக்கொண்டது முகவரி முழுமைத் துறை.

அந்தத் துறையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நகரத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று அறிவதற்காக அதை ஏற்படுத்தினார்கள். ஏற்படுத்திய பிறகு, யார் எங்கே என்பதைவிட, 'யார்', 'எங்கே' என்ற இரண்டு கட்டங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்பதே அதன் கவலையாகிவிட்டது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, தண்ணீர் வாரியம், எல்லாரும் மக்கள் எழுதிக் கொடுப்பதை இந்தத் துறைக்குத்தான் அனுப்புவார்கள்; துறை பேரையும் விலாசத்தையும் பிரித்துத் திருப்பி அனுப்பும். புரியாத கையெழுத்து வந்தால் முன்பெல்லாம் கட்டம் காலியாகவே இருந்துவிடும். தாடியின் புரோகிராம் வந்த அன்றிலிருந்து ஒரு கட்டம்கூடக் காலியில்லை. கடைசி வரியை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கட்டம்தான் நிரம்பிவிட்டதே, அதற்கு மேல் எதற்குப் படிப்பது?

முதலில் போன் வந்தது.

"பெரியம்மாதானே? உங்க லாரி ரோட்டை மறிச்சுக்கிட்டு நிக்குது. எடுக்கிறீங்களா, இழுத்துட்டுப் போகவா?"

"என்கிட்ட மெஷின்தாங்க இருக்கு."

"அப்ப மெஷினைக் கொண்டு வந்து லாரியை எடுங்க."

அப்புறம் கடிதங்கள். தபால்காரர் முதலில் கையில் கொண்டுவந்தார், பிறகு பையில், பிறகு மூட்டையில். எல்லா உறையிலும் ஒரே பேர்: பெரியம்மா. பெரியம்மா எல்.கே.ஜி.யில் சேர்க்கப்பட்டிருந்தாள். பெரியம்மா மல்யுத்தப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். பெரியம்மாவின் ஆண்மைக் குறைவுக்கு ரகசிய சிகிச்சை உறுதி செய்யப்பட்டிருந்தது. பேக்கரிக்காரி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, அந்த ரகசிய சிகிச்சைக் கடிதத்தைப் படித்ததும் சிரித்துச் சிரித்து மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "கண் ஆபரேஷன்னு ஏதாவது இருக்கா பாரு" என்றாள். இல்லை.

கடிதம் வராத மக்கள் விசாரித்து விசாரித்துக் கடையைத் தேடி வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் லாரி டிரைவர், காதுவரை மீசை. "நான்தாங்க பெரியம்மா" என்று கூச்சத்தோடு தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அடுத்து ஒரு கணக்கு டீச்சர், அவரும் பெரியம்மா. வந்தவர்களை நிற்கவைத்தே அனுப்ப மனம் வராமல் பெரியம்மா தேநீர் போட்டாள். மீசை மூட்டையைப் பிரித்தார், டீச்சர் சத்தமாகப் படித்தார். "மூட்டுவலி யாருக்கு? மூட்டுவலி!" "இங்கங்க!" "நாய் உரிமம்?" "நம்மளுது!" அப்படி ஆளுக்கு ஆள் அடையாளம் கண்டு வாங்கிப் போனார்கள். துறையிலிருந்தே ஒரு பியூன் வந்து, முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "ஐயாவுக்கு மருத்துவமனையிலிருந்து ஒண்ணு வந்திருக்கும். பல்லு விஷயமா. ஐயா யாருன்னு மட்டும் கேட்காதீங்க" என்று சொல்லி வாங்கிப் போனான். யாரும் கேட்கவில்லை. அந்தக் கடையில் யாரும் யாரையும் யார் என்று கேட்பதில்லை. என்ன வலி என்றுதான் கேட்பார்கள்.

பிறகு நெரிசல் ஆய்வாளர் வந்தார். அவர் கையில் அளவு நாடா. பெரியம்மா கழுத்திலும் அளவு நாடா. ஒரே தொழில்காரர்களைப் போல் இருவரும் மரியாதையாகத் தலையசைத்துக்கொண்டார்கள்.

"இங்க எத்தனை பேர் குடியிருக்கீங்க?"

"நான் ஒருத்திதான்."

"எங்க கணக்குல பதினோராயிரத்துச் சொச்சம் வருது."

"சொச்சம் நானா இருக்கும்" என்றாள் பெரியம்மா.

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை. மண்டியிட்டுக் கடையை அளந்தார், திரையை விலக்கி வீட்டை அளந்தார், இஸ்திரிப்பெட்டி அடைத்துக்கொண்டிருந்த இடத்தைக் கழித்தார். "தலைக்கு ஒரு தீப்பெட்டி அளவு இடம் வருதும்மா. இது பத்தாது."

"பத்தாதுதாங்க."

"எல்லாரும் எங்க?"

"யாரு?"

"குடியிருக்கிறவங்க."

"யாரும் இல்லீங்களே."

'ஆய்வின்போது குடியிருப்போர் அனைவரும் வெளியே சென்றிருந்தனர்' என்று எழுதிக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, வீட்டு மனிதர் போல் கடிந்துகொண்டார்: "பதினோராயிரம் உசுரு. ஒரே ஒரு கதவு. நாளைக்கே தீப்பிடிச்சா? உங்களை நம்பித்தானே இருக்காங்க? கொஞ்சம் பொறுப்பு வேணாமா?"

பெரியம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. "தப்புதாங்க" என்றாள். அவர் போகும்போது மெஷினுக்கு மேலே ஒரு அட்டையை ஒட்டிவிட்டுப் போனார்: 'முண்டியடிக்காதீர்கள். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் வழிவிட்டு வெளியேறவும்.' அன்றிலிருந்து அவள் கடையை விட்டு வெளியே போகும்போதெல்லாம் வாசலில் ஒரு நொடி நின்று, யாருக்காவது வழிவிட வேண்டுமா என்று பார்த்துக்கொண்டு போனாள்.

இத்தனையிலும் ஆபரேஷன் கடிதம் மட்டும் வரவில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் வந்த கடிதம் அவளுக்கு வரவில்லை. தாடியின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்க் கேட்டாள்.

"உங்க விலாசத்தைத் துறையில தள்ளுபடி பண்ணிட்டாங்களே" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். "தேதி விலாசத்துக்குத்தான் போகும். கையில கொடுக்கக் கூடாது."

"நான்தான் எதிர்லயே நிக்கிறேனேம்மா."

"நீங்க நிக்கிறது தெரியுது பாட்டி. உங்க விலாசம் நிக்கலையே."

முகவரி முழுமைத் துறையின் கட்டடத்தில் வாசல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அவர்களுக்கு நேரம் பிடித்தது. பலகைகள் நிறைய இருந்தன. 'வாசல்' என்று மட்டும் ஒன்றில்லை. உள்ளே சுவர் முழுக்க, 'காலிக் கட்டம் கண்ணியக் குறைவு' என்று எழுதியிருந்தது. முறையீட்டுப் படிவத்தில் முதல் கட்டம், பெயர். இரண்டாவது, பெயர் இல்லையென்றால் அதற்கான காரணம். மூன்றாவது, காரணம் இல்லையென்றால் தெரிந்தவர் யாருடைய காரணமாவது.

கவுண்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "நீங்க கொடுத்திருக்கிறது உதாரண விலாசம்மா. புரோகிராம் குறிப்புலயே போட்டிருக்கு, உதாரணத்துக்குன்னு. உதாரணத்துல யாரும் குடியிருக்கக் கூடாது."

"நான் கல்யாணமாகி வந்ததிலேருந்து அங்கதாம்மா இருக்கேன்."

"அது உங்க தப்பு."

தாடி கையை ஊன்றிக் குனிந்தான். "அப்ப அங்க பதினோராயிரம் பேர் குடியிருக்கிறதா நீங்களே சொல்றீங்களே, அது?"

"அவங்களைக் கணினி அனுப்பிச்சது, சார். இவங்க தானா வந்தவங்க."

இதற்கு என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள், கண்ணுங்களா. இயக்குநரையே பார்த்துவிடுவது என்று தாடி முடிவு செய்தான்.

இயக்குநர் அறையில் ஒரு பெரிய மேசை. மேசை மேல் ஒன்றுமில்லை, துடைத்து வைத்த மாதிரி. இயக்குநர் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். அந்தக் கனமான குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று பெரியம்மாவுக்குத் தோன்றியது. ஆனால் குரலை அளந்து வைக்க நாடா இல்லையே.

"சார், அந்தப் புரோகிராமை எழுதினது நான்தான்" என்றான் தாடி. "ஒரே ஒரு வரியை மாத்தினாப் போதும். புரியாட்டி 'தெரியல'ன்னு சொல்லிடும்."

இயக்குநர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தம்பி, அந்த வார்த்தையை இந்தக் கட்டடத்துல சொல்லாதீங்க. நான் இங்க வந்தப்ப எங்க பார்த்தாலும் காலிக் கட்டம். ஜனங்க எங்க இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாது. இப்பவும் தெரியாது. ஆனா கட்டம் காலியில்ல. இதுக்குப் பேர்தான் வளர்ச்சி. இன்னைக்குக் கணினி 'தெரியல'ன்னு சொல்ல ஆரம்பிச்சா நாளைக்கு ஊழியர்களும் ஆரம்பிப்பாங்க. அப்புறம் ஒருநாள் யாராவது வந்து என்னையே கேப்பாங்க. நான் என்ன சொல்றது? என் நிலைமையை யோசிச்சுப் பாருங்க."

"ஆனா அத்தனை பேர் விலாசமும் தப்பு சார்."

"எப்படித் தப்பாகும்? எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கே! தப்புன்னா ஆளுக்கொரு மாதிரியில்ல இருக்கும்?" அவர் குரல் நெகிழ்ந்தது. "ஒரு நகரத்து மக்கள் இவ்வளவு ஒத்துமையா ஒரே விலாசத்துல இருந்து நான் பார்த்ததே இல்ல. அது இருக்கட்டும், நீங்கதான் எழுதினீங்கன்னு எப்படி நம்புறது? எழுதினவர் விவரத்தை நாங்க கணினியில போட்டுப் பிரிச்சாச்சு. அவர் பேர் பெரியம்மா. நீங்க பெரியம்மாவா?"

"இல்ல சார்."

"தாடியைப் பார்த்தாலே தெரியுது."

"நான்தாங்க பெரியம்மா" என்றாள் பெரியம்மா.

"அப்படியா! அப்ப எழுதினது நீங்க."

"எனக்கு ஜிப்பு மாத்தத்தாங்க தெரியும். ஆனா எழுதினது நான்னு நீங்க சொல்றதா இருந்தா, அந்தக் கடைசி வரியை எடுத்துடுங்க. எனக்கு ஆபரேஷன் கடிதம் வரணும். ஊசிக் காது தெரியணும். அவ்வளவுதான்."

இயக்குநர் ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார். "எழுதினவங்க கேட்டா மாத்தலாம், விதி இருக்கு. எழுதினவங்க பெரியம்மா. பெரியம்மா இருக்கிறது உதாரண விலாசத்துல. உதாரணத்துல யாரும் குடியிருக்க முடியாது. ஆகவே இப்ப இங்க யாரும் எதுவும் கேட்கல." அவர் முகத்தில் ஒரு கணக்கைச் சரியாக முடித்த நிம்மதி. "உங்க ரெண்டு பேரையும் பார்த்ததுல ரொம்பச் சந்தோஷம்."

நின்றபடியே கும்பிட்டு அனுப்பிவைத்தார். கடைசி வரை உட்காரவில்லை. ரொம்ப அடக்கமானவர் என்று பெரியம்மா நினைத்துக்கொண்டாள்.

சில நாளில் தெருவில் பந்தல் போட்டார்கள். 'நகரின் மிக முழுமையான முகவரி' என்று பெரியம்மா கடைக்குப் பட்டம். கல்வெட்டுத் திறப்பு. பேக்கரிக்கு முன்னால் மேடை, சாவிக்கடையை மறைத்து ஒலிபெருக்கி. நூல் வாங்கப் போயிருந்த பெரியம்மா திரும்பி வந்தபோது, கடை வாசலில் கயிறு கட்டி, ஒரு காவலாளி நின்றான்.

"குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்தான் அனுமதி."

"என் கடைப்பா இது."

"பேர் என்ன?"

பெரியம்மா தன் சொந்தப் பேரைச் சொன்னாள். காவலாளி கையிலிருந்த கருவியில் பார்த்து, "அப்படி யாரும் இல்ல" என்றான்.

பின்னாலேயே மீசை வந்தார். "பேர்?" "பெரியம்மா." "உள்ள போங்க." கணக்கு டீச்சர் வந்தார். "பேர்?" "பெரியம்மா." "உள்ள போங்க டீச்சர்."

"நானும் பெரியம்மாதான்பா!"

காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இப்பத்தானே வேற பேர் சொன்னீங்க? ஆள் மாறாட்டமா?"

மீசைதான் திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அட விடப்பா. எங்க விருந்தாளி இவங்க."

இப்படியாகப் பெரியம்மா தன் சொந்தக் கடைக்குள் விருந்தாளியாக நுழைந்து, தன் சொந்த முக்காலியில் உட்காரச் சொல்லப்பட்டு உட்கார்ந்தாள். டீச்சர் தேநீர் போட்டுக் கொடுத்தார். வெளியே ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல்: "இந்த ஒரு கதவைத் தட்டினால் போதும், நகரமே திறக்கும்! ஆனால் தயவுசெய்து தட்டாதீர்கள். உள்ளே கூட்டம் அதிகம்!" கைதட்டல்.

பெரியம்மா தேநீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். "ஊருக்கே கடிதம் வருது. எனக்கு மட்டும் ஏன்பா வரல? நான் என்ன தப்பு பண்ணினேன்? பேரு, கதவு எண், தெரு, எல்லாம் முத்து முத்தா எழுதித்தானே கொடுத்தேன்."

மீசை யோசித்தார். "அதுதாங்க நீங்க பண்ணின தப்பு. நாங்கள்லாம் ஒழுங்கா எழுதினதே இல்ல. லாரி ஓடிக்கிட்டிருக்கும்போது தொடையில வெச்சு எழுதினவன் நான்."

"என்னோடது இயற்கையாவே அப்படி" என்றார் டீச்சர் அடக்கமாக. "கரும்பலகையில நான் போடுற எட்டைப் பார்த்துப் பிள்ளைங்க மீன்னு நினைச்சுக்கும்."

கயிறு கட்டுவதற்கு முன்பே உள்ளே வந்து மெஷின் மேல் சாய்ந்திருந்த தாடி மெதுவாக நிமிர்ந்தான். "பெரியம்மா... புரிஞ்சா உதாரணம்னு தள்ளுபடி பண்றாங்க. புரியலன்னா இங்க அனுப்பிடுறாங்க. அப்ப நீ புரியாத மாதிரி எழுது!"

மருத்துவமனையில் கொடுத்த புதுச் சீட்டு ஒன்று பாக்கியிருந்தது. மேலே கண் பிரிவு என்று அச்சடித்திருக்கும். கீழே பேர் விலாசத்துக்கு ஒரு கட்டம். முதலில் வேறு தாளில் பழகிப் பார்த்தார்கள். பெரியம்மா, 'எங்கேயோ இருக்கேன் போ' என்று எழுதினாள். தாடி போனில் படம் எடுத்துப் புரோகிராமிடம் கொடுத்தான். 'விலாசம்: எங்கேயோ' என்றது. டீச்சர் சொல்லி, 'மழை வரும்போல இருக்கு' என்று எழுதினாள். 'பேர்: மழை' என்றது. அவள் எது எழுதினாலும் அதில் அது ஒரு மனிதரைக் கண்டுபிடித்துவிட்டது. கண் மங்கியவள்தான், ஆனால் கை பழகிய கை. கோணலாக எழுத வரவே மாட்டேன் என்றது. தாடிக்கு எரிச்சல், ஆனால் உள்ளூரக் கொஞ்சம் பெருமையும்தான்.

"எனக்குக் கிறுக்க வரலடா" என்றாள் பெரியம்மா, அழுகிற குரலில். "எது போட்டாலும் நேரா வருது."

பிறகு என்ன தோன்றியதோ, சீட்டை எடுத்து மெஷினில் ஊசிக்கு அடியில் வைத்தாள். குமிழைத் திருகி, கோணல்மாணலாக ஓடுகிற ஜிக்ஜாக் தையலுக்கு மாற்றினாள். கட்டத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே மிதி. டக்டக்டக்டக் என்று சிவப்பு நூலில் ஒரு தையல் ஓடியது. பிசிறு வெட்டி, முடிச்சுப் போட்டு, தாடியிடம் நீட்டினாள்.

புரோகிராம் யோசித்தது. அது அவ்வளவு நேரம் யோசித்து யாரும் பார்த்ததில்லை. வெளியே கல்வெட்டைத் திறந்து கைதட்டும்போது அது வாய் திறந்தது. பேர்: பெரியம்மா. விலாசம்: பெரியம்மா கடை.

"வந்துட்டேன்!" என்றாள் பெரியம்மா. அவள் எங்கும் போகவில்லை. ஆனாலும் மீசை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சீட்டை மருத்துவமனையில் கொடுத்த பிறகு வந்த மூன்றாவது மூட்டையில் கடிதம் வந்தது. "கண் ஆபரேஷன் யாருக்கு? கண் ஆபரேஷன்!" என்று டீச்சர் படித்ததும் கடையில் இருந்தவர்கள் எல்லாரும், "அவங்களுது! அவங்களுது!" என்று கத்திய சத்தத்தில் பேக்கரியில் ஒரு தட்டு ரொட்டி கீழே விழுந்தது.

ஆபரேஷன் நாளில் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம் நிரம்பி வழிந்தது. பெரியம்மாவும் தாடியும் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் நின்று எல்லாருக்கும் வழிவிட்டு வருகிற பழக்கம் அவளுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர்கள் உள்ளே நுழையும்போது நர்ஸ் கதவைத் திறந்து சத்தமாகக் கூப்பிட்டாள்:

"பெரியம்மா!"

கூடத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள்.

முழங்காலில் கட்டோடு மீசை எழுந்தார். தொண்டைக்கட்டுக்கு வந்த டீச்சர் எழுந்தார். ஒரு மல்யுத்த வீரர் எழுந்தார். முன்வரிசையில், கன்னம் வீங்கிய ஒருவர், கையில் பல் எக்ஸ்ரேயோடு, யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு எழுந்தார். முகவரி முழுமைத் துறை இயக்குநர். எழுதியவர் மேல் பழி போடாதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதைத் திருத்திக்கொள்கிறேன். கையெழுத்தும் மோசம்தான்.

நர்ஸ் பயந்துபோய் ஒரு அடி பின்னால் வைத்தாள். "எல்லாருமா? இது கண் ஆபரேஷனுக்கு. ஒரே ஒரு பெரியம்மாதான் வேணும்!"

எழுந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மீசை திரும்பி வாசலைப் பார்த்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும்.

"அதோ வந்துட்டாங்க. பெரியம்மான்னா அவங்கதான்மா" என்றார் மீசை. "நாங்கள்லாம் சும்மா."

அவர் உட்கார்ந்தார். டீச்சர் உட்கார்ந்தார். மல்யுத்த வீரர் நாற்காலி முனக உட்கார்ந்தார். வரிசை வரிசையாகக் கூடமே உட்கார்ந்தது. நாற்காலி எங்கே இருக்கிறது என்று கண் தெரியாததால் பெரியம்மா மட்டும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். நகரத்தில் அன்றுதான் அவளுக்கு ஒரு விலாசம் கிடைத்தது.

இயக்குநர் கடைசியாக உட்கார்ந்தார். உட்காரும்போது இடுப்புப் பக்கம் டர்ரென்று ஒரு தையல் விட்டது.

பெரியம்மா சத்தம் வந்த பக்கம் சட்டென்று திரும்பினாள். முகம் மலர்ந்தது.

"நீங்கதானா அது! பழுப்புப் பேன்ட்டு தயாராகி எவ்வளவு நாளாச்சு தெரியுமா? கடையிலதான் இருக்கு" என்றாள். "என் கண்ணுக் கட்டுப் பிரிச்சதும் வந்து வாங்கிக்கங்க. ஆனா தட்டாம வராதீங்க, உள்ள கூட்டமா இருக்கும்."